குழாய் கழன்றால் கதவு எந்தப் பக்கம்?

கருணாபுரத்தைக் கடந்து கல்வராயன் மலை ஏறும் லாரிகளில் டர்போ இல்லாத வண்டி இப்போது அரிது. 3000 அடி உயரத்திலேயே காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். டர்போ அதை ஈடுகட்டுவதால் ஓட்டுநருக்கு இழுவை குறைந்ததே தெரிவதில்லை.

டீசல் என்ஜின் பொறுமைசாலி. உள்ளே போய் அழுந்துவது வெறும் காற்று. டீசல் கடைசி நொடியில்தான் பீச்சப்படுகிறது. வேஸ்ட்கேட்டை, அதாவது மிகுதிப் புகையை டர்பைனில் படாமல் வெளியே விடும் கதவை, இயக்கும் ஆக்சுவேட்டர் ராடை இரண்டு சுற்று முறுக்கி பிக்கப் ஏற்றிக்கொள்பவர்கள் பெரும்பாலும் தப்பித்துக்கொள்வது அதனால்தான். அந்தக் கையோடு பெட்ரோலில் ஓடும் ரோட்டரி என்ஜினைத் தொடக் கூடாது.

*

வெளிநாடுகளில் வீட்டுக் கொட்டகையில் சொந்தமாக விமானம் கட்டுபவர்களில் சிலர் பழைய மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் 13பி என்ஜினைக் கழற்றிப் பூட்டுகிறார்கள். இரண்டு முக்கோண ரோட்டர், 1308 சிசி, பிஸ்டனோ வால்வோ கிடையாது. நம் நாட்டிலும் இதே வகை வான்கெல் என்ஜின் பறந்திருக்கிறது: 2009-இல் கோலாரில், ஆளில்லா விமானமான நிஷாந்தில். அந்த 55 குதிரைத்திறன் என்ஜின் உள்நாட்டில் உருவானது. உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளம் சும்மா கிடக்கிறது. நம் மாணவர்கள் கட்டிய என்ஜின் ஒன்று அங்கே முழு வேகத்தில் ஓடுவதைப் பார்க்க எனக்குத் தீராத ஆசை.

*

வால்வு இல்லாததால் ரோட்டரியின் புகை கடும் சூட்டோடும் வேகத்தோடும் டர்பைனில் மோதுகிறது. காருக்கென்று செய்த வேஸ்ட்கேட் துளை அதற்குப் போதாது. கதவு முழுக்கத் திறந்த பிறகும் பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றழுத்தம்) ஏறிக்கொண்டே போகும். அப்போது ஸ்பிரிங்கை மாற்றிப் பயனில்லை. துளையைப் பெரிதாக்க வேண்டும்.

*

உயரம்தான் உண்மையான சிக்கல். கார் ஆக்சுவேட்டர் வெளிக்காற்றை ஒப்பிட்டே அளக்கிறது. 7 பிஎஸ்ஐ என்று வைத்தால் கடல்மட்டத்தில் மொத்தம் 21.7, பத்தாயிரம் அடியில் 17 சொச்சம். மேலே திறன் போதவில்லை என்று அங்கிருந்தே இறுக்கிவிட்டுக் கீழே இறங்கினால், இறங்க இறங்க அழுத்தம் எல்லை தாண்டும். விமானத்துக்கு வேண்டியது முழு அழுத்தத்தை அளக்கும் கட்டுப்பாடு: காற்றை உறிஞ்சி மூடிய சிறு உலோகப் பெட்டி விரிந்து சுருங்கிக் கதவை ஆட்டும் முறை. கடல்மட்ட அழுத்தமான 30 அங்குலப் பாதரசத்தை எந்த உயரத்திலும் தக்கவைத்தால் போதும். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம் என்பது என் கட்சி.

அந்த 30-க்கும் விலை உண்டு. 18,000 அடியில் வெளிக்காற்று பாதிதான். அதை இரட்டிப்பாக்க வேண்டும். மைனஸ் 20 டிகிரியில் நுழையும் காற்று, நல்ல கம்ப்ரஸரிலும் 60 டிகிரியை நெருங்கி வெளியே வரும். இன்டர்கூலர் இல்லாமல் முடியாது. மானியின் முள் அசையாமல் நிற்கும்போதே உள்ளே டர்போவின் சுழற்சி ஏறிக்கொண்டிருக்கும். அதை அழுத்தமானி காட்டாது.

*

ஏபெக்ஸ் சீல்: ரோட்டரின் ஒவ்வொரு முனையிலும் 2 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு வார்ப்பிரும்புத் தகடு. பூஸ்ட் மிஞ்சி பெட்ரோல் கலவை தானாக வெடித்தால் இது உடைகிறது. பிஸ்டன் என்ஜின் கொஞ்ச நேரம் நாக்கிங்கைத் தாங்கி எச்சரிக்கும்; ரோட்டரியில் ஓரிரு வெடிப்பே போதும். உடைந்த துண்டு புகையோடு போய் டர்பைன் இறக்கையையும் அடிக்கும்.

*

ஆகவே வடிவமைப்பவரிடம் நான் முதலில் கேட்பது இது: கட்டுப்பாட்டுக் குழாய் கழன்றால் வேஸ்ட்கேட் எந்தப் பக்கம் போகும்? வழக்கமான கார் ஆக்சுவேட்டரில் ஸ்பிரிங் கதவை மூடியே பிடித்திருக்கிறது. காற்றழுத்தம் வந்துதான் திறக்கும். குழாய் போனால் கதவு மூடியே கிடக்கும், பூஸ்ட் எகிறும். விமானத்தில் இதைத் தலைகீழாக்க வேண்டும். ஸ்பிரிங் திறக்கட்டும், மூடுவதற்குத்தான் விசை தேவைப்படட்டும். கம்பி அறுந்தாலும் குழாய் கழன்றாலும் என்ஜின் டர்போ இல்லாத என்ஜினாக ஓடி, தரையிறங்கும் வரை தாங்கும். இதோடு உள்ளிழுக்கும் பாதையில் தனியாக ஒரு நிவாரண வால்வும் இருக்கட்டும். கதவே துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டால் அது ஒன்றுதான் மிச்சம்.