கஜாவுக்குப் பின் வைத்த தென்னைகள்

திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் போகும் பேருந்தில் சன்னலோர இடம் கிடைத்தால் தென்னைகளின் உயரத்தைப் பார்த்துக்கொண்டே போகலாம். ஒரு தோப்பு முழுக்க ஒரே உயரம். அடுத்த தோப்பிலும் அப்படியே. நடுவில் எங்கேயாவது வளைந்த நெட்டை மரம் ஒன்றிரண்டு, மற்றவற்றுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். அவை 2018 நவம்பர் 16-க்கு முந்தியவை. மற்றவை கஜா புயல் போன பிறகு வைத்தவை.

அந்த அதிகாலையில்தான் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. இலங்கை கொடுத்த பெயர் அது. வங்கக் கடல் புயல்களுக்குப் பெயர் வைக்கும் வழக்கமே 2004-இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தியவற்றை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் ஆண்டைச் சொல்லித்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள்: அம்பத்திரண்டுப் புயல், எழுபத்தேழுப் புயல். அந்த நினைவுக்கு எவ்வளவு பயன் உண்டு என்பதைக் கோடியக்கரையில் கருவாடு காய வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் தெரிந்துகொண்டேன்.

“சாயங்காலமே எஞ்சின கழட்டி வீட்டுக்குள்ள வச்சிட்டோம். ஆட்டையும் மாட்டையும் அவுத்து விட்டுட்டோம். ராத்திரி வாடை ஊளையிடுது. அப்புறம் சட்டுன்னு நின்னு போச்சுண்ணே, இலை அசையல. ஆம்பளைங்க கதவத் தெறக்கப் போனாங்க. எங்க மாமியா விடல. எழுபத்தேழுலயும் இப்படித்தான் நின்னுச்சு, திரும்பி வரும், உள்ளாரயே இருங்கன்னு கத்துறாங்க. சொல்லி வாய மூடல, தெற்கேருந்து அடிச்சுது பாருங்க.”

புயல் இடப்பக்கமாகச் சுழன்றுகொண்டே கிழக்கிலிருந்து வருகிறது. அதனால் அதன் முன்பாதி வடக்கிலிருந்து வீசும். கண் பகுதி தலைக்கு மேல் வரும்போது காற்று அடங்கிவிடும். அது கடந்ததும் பின்பாதி தெற்கிலிருந்து திருப்பி அடிக்கும். இந்த விவரத்தை நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த மாமியாருக்குப் பள்ளிக்கூடமே தெரியாதாம். ஆனால் ஒரு வீட்டு ஆண்களை வாசற்படிக்குள் நிறுத்திவைத்தவர் அவர்தான்.

கோடியக்கரைக் காடு வெளிமான்களுக்குப் பேர் போனது. கஜாவில் செத்த மான்களில் சில காரைக்கால் கடற்கரை வரை ஒதுங்கின. வேதாரண்யத்துக்கு வடக்கே புஷ்பவனம் பக்கம் கடல் சேற்றை அள்ளிவந்து கரையில் கொட்டிவிட்டுப் போனது. மணல் இருந்த இடமெல்லாம் கறுப்புச் சேறு, படகை இறக்க முடியாத அளவுக்கு. மின்கம்பங்கள் மட்டும் லட்சத்துக்கும் மேல் சாய்ந்தன. உள்ளூர்களில் வாடகை ஜெனரேட்டரைத் தெருத்தெருவாக இழுத்துப்போய்த் தண்ணீர்த் தொட்டியை நிரப்பியதையும், அந்த நேரத்திலேயே ஊர்க் கைப்பேசிகள் எல்லாவற்றுக்கும் சார்ஜ் போட்டதையும் போகிற இடமெல்லாம் சொன்னார்கள். கேரளத்திலிருந்துகூட மின்ஊழியர்கள் வந்து கம்பம் நட்டார்கள். அவர்களுக்குச் சோறு போட்ட கதையை இன்னும் வாஞ்சையோடு பேசுகிறார்கள்.

ஒன்றை மனசாரச் சொல்ல வேண்டும். கஜாவுக்கு முந்தைய நாள் 80,000-க்கும் மேற்பட்டோரை முகாம்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 1977 நவம்பரில் இதே கரையில் நூற்றுக்கணக்கானோர் மாண்டதை நினைத்தால், இந்த நாற்பது ஆண்டுகளில் நாம் கற்றது சிறிதல்ல. கஜாவிலும் உயிர்கள் போயின. ஆனாலும் எச்சரிக்கை வேலை செய்தது. அது செய்ய முடியாத காரியம் ஒன்று உண்டு. அதை முத்துப்பேட்டையைத் தாண்டித் தம்பிக்கோட்டைப் பக்கம் ஒரு தென்னை விவசாயி சொன்னார்.

“மனுசன பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம் தம்பி. மாட்ட அவுத்து விடலாம். மரத்த எங்க அனுப்புறது?”

தென்னைக்கு ஆணிவேர் கிடையாது, சல்லி வேர்தான். முதல் காற்று மரத்தை ஆட்டி ஆட்டி, மழையில் ஊறிய மண்ணில் வேரைத் தளர்த்திவிட்டது. திரும்பிய காற்று அதைச் சாய்த்துப் போட்டது. விடிந்தபோது தோப்பில் முன்பு விழாத வெளிச்சம் விழுந்ததாம். அப்பா வைத்த மரங்கள். எது எந்த ஆண்டு வைத்தது என்று அவருக்குத் தெரியும்.

நிவாரணம் மரத்துக்கு 1,100 ரூபாய். அதில் 500 விழுந்த மரத்தை வெட்டி அகற்ற. ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்கிட்டு 1,92,500 ரூபாய் வந்தது. நல்ல காப்பில் உள்ள மரம் ஆண்டுக்கு நூறு காய் தரும். காய் பத்து ரூபாய் என்றாலும் அந்த 1,100 ஏறக்குறைய ஓராண்டு விளைச்சல்தான். புதிதாக வைக்கும் நெட்டைக் கன்று பாளை விட ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். நடுவில் இருக்கும் ஆண்டுகளுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் கூட்டுறவுக் கடனும் இந்த ஆண்டுகளில்தான் வருகின்றன. புயல் நிவாரணத்தை மரத்தின் தலையை எண்ணிக் கொடுப்பது போதாது. தோப்பு மறுபடி காய்க்கும் வரை ஆண்டுக்கு ஆண்டு கொடுக்கவேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

விழுந்த மரத்தை வாங்க ஆளில்லை. ஒரே நேரத்தில் எல்லார் தோப்பிலும் மரம் கிடந்தால் யார் வாங்குவார்கள்? தோப்போரங்களில் அப்படியே மட்கின. மட்கிய தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். வளர்ந்த வண்டு அருகில் நட்ட கன்றின் குருத்தைத் துளைக்கும். காற்றுக்குத் தப்பி நின்ற மரங்களும் குரும்பை கொட்டிப்போய் நெடுநாள் காய்க்காமல் நின்றன. அந்தத் தென்னை விவசாயியின் கன்றுகளில் பாதியை வண்டு தின்றது, திரும்ப வைத்தார். “புயல் ஒரு ராத்திரிதான் தம்பி. வண்டு மூணு வருசம்” என்றார்.

இந்தப் பக்கமெல்லாம் பனைகள் பெரும்பாலும் புயலில் சாயாமல் நின்றுவிட்டன என்பதை எல்லாரும் கவனித்திருக்கிறார்கள். குளக்கரைகளில் இளைஞர்கள் பனங்கொட்டை ஊன்றியிருப்பதைப் பல ஊர்களில் பார்த்தேன். அவரும் தோப்புக்கு வடக்கே இரண்டு வரிசை, தெற்கே இரண்டு வரிசை ஊன்றியிருக்கிறார். வடக்கே சரி, தெற்கே எதற்கு இடத்தை வீணாக்குகிறாய் என்று பக்கத்துத் தோப்புக்காரர் கேட்டாராம்.

“திருப்பி அடிச்சத அதுக்குள்ள மறந்துட்டியாடா?” என்று அவரைக் கேட்டிருக்கிறார் இவர்.