திண்ணைத் தெருவில் ஒரு காலைப்பொழுது

பிறந்து வளர்ந்த ஊரைப் பார்ப்பதற்கு ஒரு வழிகாட்டியின் பின்னே நடப்பதா என்று எங்களைக் கண்டு நகைத்தவர்கள் உண்டு. புதுச்சேரியிலே பிறந்து, சம்பா கோவிலிலே ஞானஸ்நானம் பெற்று, பெரிய வாய்க்காலின் இருபுறமும் ஓடித்திரிந்தவர்கள் நாங்கள். ஆயினும், பாட்டனார் விட்டுச்சென்ற பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டுவதா, பழுதுபார்த்து வைத்துக்கொள்வதா என்று உடன்பிறந்தோர் மூவரும் முடிவு காணாமல் ஓராண்டு கழிந்திருந்தது. அத்தகைய வீடுகளை அறிந்தவர் எவரேனும் சொல்லட்டும் என்றுதான் ஒரு ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்தபின் மரபு நடை ஒன்றில் கலந்துகொண்டோம்.

வழிகாட்டி இளைஞர்; கட்டடக்கலை பயின்றவர். எங்களை முதலில் வாய்க்காலுக்குக் கிழக்கே அழைத்துச் சென்றார். தெருக்கள் கோடு போட்டாற்போல் நேராக இருப்பது பிரெஞ்சுக்காரர்களின் கைவண்ணம் என்றே எண்ணியிருந்தோம். 1693 முதல் 1699 வரை ஊரைத் தம் வசம் வைத்திருந்த டச்சுக்காரர்கள் வரைந்த திட்டம் அது என்றும், திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர்கள் அதையே பின்பற்றினர் என்றும் கேட்டபோது வியப்படைந்தோம். 1761-இல் ஆங்கிலேயர் நகரைத் தரைமட்டமாக்கினர். 1765-இல் பிரெஞ்சு ஆட்சி மீண்டபின் பழைய தெருக்களின் மேலேயே புதிய வீடுகள் எழுந்தன.

கடற்கரையை அடுத்த அவ்வீடுகள் அழகானவைதாம். ஆனால் தெருவில் நிற்பவனுக்கு உயர்ந்த மதிலும் மூடிய பெருங்கதவும் மட்டுமே தெரியும். தோட்டமும் தூண் வரிசையும் உள்ளே இருப்பவர்களுக்கே உரியவை.

வாய்க்காலைக் கடந்து மேற்கே வந்ததும் வீட்டின் முகமே மாறிவிடுகிறது. தெருவோரத்தில் மரக்கால்கள் தாங்கும் தாழ்வாரம். அது வழிப்போக்கனுக்கு நிழல். அடுத்து திண்ணை, அது விருந்தினருக்கும் அண்டை அயலாருக்கும் உரிய இடம். அதன்பின்னரே கதவு, ரேழி, வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றி அறைகள். அந்நியன் ஒருவன் உறவினனாவதற்கு எத்தனை படிகள் உண்டோ அத்தனையையும் சுண்ணாம்பிலும் மரத்திலும் கட்டிவைத்திருக்கிறார்கள். எங்கள் பாட்டி மோர்ப்பானையைத் திண்ணையின் எந்த மூலையில் வைப்பார் என்பது சட்டென நினைவுக்கு வந்தது.

கால்வே சுப்பராய செட்டித் தெரு என்றும் பெயர் கொண்ட வைசியாள் வீதியில் நெடுநேரம் நின்றோம். மிஷன் வீதிக்கும் மகாத்மா காந்தி சாலைக்கும் இடைப்பட்ட பகுதியில் வரிசையாகப் பல வீடுகளின் முகப்புகளைச் செப்பனிட்டிருக்கிறார்கள். இன்டாக் என்னும் மரபுக் காப்பு அமைப்பு ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்கொண்ட பணி அது. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருதும் இதற்குக் கிடைத்தது. பல வீடுகளில் கீழ்த்தளம் தமிழ் முறை, மேல்மாடி பிரெஞ்சு முறை: கீழே திண்ணையும் மரத்தூணும், மேலே வளைவுச் சாளரங்களும் சுதை வேலைப்பாடும். டூப்ளேயின் துபாஷாக விளங்கி, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையும் இந்த இருமுகம் கொண்டதே.

அந்த நாட்குறிப்பைப் பற்றிப் பேசும்போது வழிகாட்டி சற்றுத் தயங்கினார். நாங்கள் கோவிலிலிருந்து வந்தவர்கள் என்று அறிந்திருந்தார். 1748-இல் இங்கிருந்த வேதபுரீசுவரர் ஆலயம் பிரெஞ்சு ஆட்சியினரால் இடிக்கப்பட்டதையும், அருகிலிருந்த நம் குருக்கள் அதை நெடுநாளாக வேண்டிவந்ததையும் பிள்ளை எழுதிவைத்திருக்கிறார். தூய பவுல் பெயரால் சம்பா கோவில் என வழங்கும் நம் பேராலயம் 1791-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதற்கு முன்னிருந்த கோவிலோ 1761 அழிவில் வீழ்ந்தது. இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தயங்காமல் சொல்லுங்கள் தம்பி என்றோம்; சொன்னார்.

நடை முடிந்ததும் அவரை எங்கள் வீட்டுக்கு அழைத்துச் சென்றோம். நுழைந்தவுடன் சுவரைத் தட்டிப் பார்த்து, “சிமெண்ட் பூசியது யார், ஐயா?” என்றார். நாங்கள்தாம். பத்தாண்டுகளுக்கு முன் ஈரம் கசிகிறதென்று பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தியெறிந்துவிட்டுச் சிமெண்ட் பூசினோம். கடற்காற்றில் உப்பும் ஈரமும் செங்கல்லில் ஏறும். சுண்ணாம்பு அதை வெளியே விடும், சிமெண்ட் உள்ளேயே அடைத்துவிடும், செங்கல் பொடிந்துபோகும் என்று விளக்கினார். வீடு மூப்பினால் சாகிறது என்று நாங்கள் ஓராண்டாகப் பேசிக்கொண்டிருந்தோமே! அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மேலே ஏறி மெத்தைத் தளத்தைப் பார்த்தார். தேக்கு உத்திரக்கட்டைகளின்மீது சிறு செங்கற்களை நிமிர்த்தி அடுக்கிக் காரை போட்ட தளம். இரண்டு கட்டைகளின் முனைகள் மட்டுமே சுவருக்குள் உளுத்திருந்தன. மற்றவை தட்டினால் மணிபோல் ஒலித்தன. அவற்றை மட்டும் மாற்றினால் போதும் என்றார். செலவு குறைவென்று அவர் சொல்லவில்லை. சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனார் கிடைப்பதும் அரிது என்றார்.

அன்று மாலை அண்ணன், திருடருக்கு அஞ்சித் தாம் போட்ட திண்ணையின் இரும்புக் கம்பித் தடுப்பை ஆள் வைத்துக் கழற்றினார். சாப்பாட்டுக்குப் பின் மூவரும் அங்கே அமர்ந்தோம். எதிர்வீட்டு முதியவர் கைத்தடியுடன் வந்து, கேளாமலே எங்களருகில் உட்கார்ந்தார். அடுக்குமாடிக்காக வந்த ஒப்பந்தத் தாளில் தம்பி இன்னும் கையெழுத்திடவில்லை, கிழித்தெறியவும் இல்லை. தை பிறந்ததும் கொத்தனார் ஒருவர் விழுப்புரத்திலிருந்து வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.