கட்ச் வழக்கில் ஒரு ஈரான் தூதர்

1968-இல் நான் டெல்லியில் ஜூனியர். கட்ச் எல்லை தொடர்பாக உச்ச நீதிமன்றத்துக்குப் போன ரிட் மனுக்களில் ஒன்றுக்கு எங்கள் சீனியர் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அவர் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. “தீர்ப்பாயத்தோட முடிவை வரி விடாமப் படி. சட்டத்தை விட்டுட்டு அரசியல் பேசியிருக்கிற இடத்தையெல்லாம் குறிச்சுண்டு வா.”

அவர் போட்ட கணக்கு இது. தீர்ப்பாயத்தில் மூன்று பேர். அதில் இரண்டு பேர் தூதர்களாக இருந்தவர்கள். தூதர் என்றால் பேரம். பேரத்தில் விட்டுக்கொடுத்த நிலத்தை ‘எல்லையைக் கண்டறிந்தோம்’ என்று சொல்ல முடியாது. அது நாட்டின் மண்ணைத் தாரைவார்ப்பது. அப்படிக் கொடுப்பதற்கு அரசியல் சட்டத்தைத் திருத்தியாக வேண்டும் என்று 1960-இல் பெருபாரி விவகாரத்தில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருந்தது. ஆகவே பேரம் நடந்ததைக் காட்டிவிட்டால் பாதி வழக்கு ஜெயித்த மாதிரி.

சண்டையின் கதை பலருக்கும் மறந்திருக்கும். 1965 ஏப்ரலில் கட்ச் ரண்ணில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்டன. மழைக்காலத்தில் தண்ணீர், மற்ற மாதங்களில் உப்புப் படிந்த வெட்டவெளி. அங்கங்கே ‘பேட்’ என்று சொல்லப்படும் புல்மேடுகள். பிரிட்டிஷ் பிரதமர் ஹரால்ட் வில்சன் நடுவில் வந்தார். உண்மையில் அலைந்தவர்கள் அவருடைய தூதர்கள்தான்: டெல்லியில் ஜான் ஃப்ரீமன், பாகிஸ்தானில் மோரிஸ் ஜேம்ஸ். வரைவை இங்கே ஒரு வார்த்தை, அங்கே ஒரு வார்த்தை என்று மாற்றி மாற்றி, ஜூன் 30-இல் கையெழுத்து வாங்கினார்கள். இரண்டு மாதத்தில் காஷ்மீரில் பெரிய போரே வந்தது. ஆனாலும் ரண் பற்றிய அந்த உடன்படிக்கையை இரு நாடும் கிழித்துப் போடவில்லை. அது எனக்கு இன்றும் வியப்பு.

உடன்படிக்கைப்படி இந்தியா ஒருவரை நியமிக்கலாம், பாகிஸ்தான் ஒருவரை நியமிக்கலாம். ஆனால் இரு நாட்டுக் குடிமக்களும் கூடாது. இந்தியா நியமித்தவர் யூகோஸ்லாவியாவின் அலேஷ் பெப்லர். பாகிஸ்தான் நியமித்தவர் ஈரானின் நஸ்ருல்லா என்தெஜாம். தலைவரை ஐ.நா. பொதுச்செயலாளர் ஊ தாண்ட் நியமித்தார்: ஸ்வீடன் நீதிபதி குன்னார் லாகர்கிரென். ஜெனீவாவில் விசாரணை. சுமார் 350 வரைபடங்கள், பத்தாயிரம் பக்கத்துக்கும் மேலான விசாரணைப் பதிவு. ரண் முழுவதும் பழைய கட்ச் சமஸ்தானத்தைச் சேர்ந்தது, எல்லை அதன் வடகரை என்றது இந்தியா. அது கடல் மாதிரி, நடுவில் பிரிக்க வேண்டும், 24-ஆம் அட்சரேகைக்கு வடக்கே சுமார் 3,500 சதுர மைல் எங்களுடையது என்றது பாகிஸ்தான்.

1968 பிப்ரவரி 19-இல் வந்த முடிவில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு இந்தியாவுக்கு. மீதியில் இருந்தவை கஞ்சர்கோட், தாரா பன்னி, சாட் பேட். போதாதா? ஜனசங்கம் சத்தியாகிரகம் செய்தது, நாடாளுமன்றம் கொதித்தது, மனுக்கள் வரிசையில் வந்தன.

சீனியர் சொன்னபடி சிவப்பு பென்சிலோடு உட்கார்ந்தேன். அரசியல் பேசிய இடம் கிடைக்கவே செய்தது. நகர்பார்க்கர் பக்கம் ரண்ணிலிருந்து இரண்டு குடாப் பகுதிகள் பாகிஸ்தான் நிலத்துக்குள் ஆழமாக நுழைகின்றன. அவற்றை இந்தியாவிடம் விட்டால் உரசலும் சண்டையும்தான் மிஞ்சும், இந்த வட்டாரத்தின் அமைதியும் நிலைத்தன்மையுமே முதலில் கருத வேண்டியவை, எனவே பாகிஸ்தானுக்கு. ஓரத்தில் கனமாகக் கோடு போட்டேன். பிறகுதான் பார்த்தேன், எழுதியவர் யாரென்று. தூதர் இருவரும் இல்லை, நீதிபதி லாகர்கிரென்!

தூதர் பெப்லர் என்ன செய்திருந்தார்? ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவர், நாஜிகளை எதிர்த்த கெரில்லா, பிறகு ஐ.நா.வில் தன் நாட்டின் குரல். பேரத்துக்கு இவரை விடப் பொருத்தமானவர் உண்டா? அவரோ ஆவணம் ஆவணமாக எடுத்து, இந்தியா கேட்ட கோடு முழுவதும் சரி என்று தனியாக எழுதிவைத்துவிட்டார். சட்டம் என்றால் சட்டம்.

சீனியரிடம் போய்ச் சொன்னபோது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். “என்னய்யா இது, ஜட்ஜ் தூதராயிட்டான், தூதர் ஜட்ஜாயிட்டான். நான் யாரைத் திட்டறது?”

மிச்சமிருந்தவர் என்தெஜாம். அவர் எழுதியது மிகச் சுருக்கம். அதனால்தான் எல்லாரும் தாண்டிப் போனார்கள். நான் திரும்பத் திரும்பப் படித்தது அதைத்தான். முதலில் தமக்கு ரண்ணின் வடபாதிக்கு பாகிஸ்தான் உரிமையை நிறுவியிருப்பதாகவே பட்டது என்கிறார். தலைவரின் கருத்தைப் படித்த பிறகு அதோடு உடன்படுவதாகச் சொல்கிறார். அவ்வளவே.

வக்கீல் கண்ணோடு இதைப் பாருங்கள். பெப்லர் ஒரு ஓரம். என்தெஜாமும் தம் ஓரத்திலேயே நின்றிருந்தால் மூன்று பேருக்கு மூன்று கருத்து, பெரும்பான்மையே இல்லை. பெரும்பான்மை இல்லாவிட்டால் தீர்ப்பு ஏது, எல்லை ஏது? தம்மை நியமித்த நாட்டின் கோரிக்கையில் பெரும்பகுதியை விட்டுவிட்டு அவர் நடுவுக்கு வந்ததால்தான் ஜெனீவாவிலிருந்து ஒரு கோடு வந்தது.

அவர் யாரென்று அப்போதுதான் தேடிப் படித்தேன். ஈரான் அரண்மனையில் சடங்குப் பொறுப்பில் இருந்தவர், வெளியுறவு அமைச்சர், வாஷிங்டனில் தூதர். 1950-இல் ஐ.நா. பொதுச்சபையின் தலைவர். கொரியப் போர் உச்சத்தில் இருந்த அந்த டிசம்பரில், போர்நிறுத்தத்துக்கு வழி தேட மூவர் குழு ஒன்று அமைந்தது: என்தெஜாம், கனடாவின் லெஸ்டர் பியர்சன், நம் பெனகல் நரசிங் ராவ். நமது அரசியல் சட்டத்தின் முதல் வரைவைத் தயாரித்த அதே ராவ்தான். சீனா மறுத்துவிட்டது, குழு வெறுங்கையோடு திரும்பியது. மூன்று பேர் ஒருமித்து ஒன்றைச் சொல்லியும் சண்டைக்காரர்கள் கேட்காமல் போனதைப் பார்த்தவர். ஜெனீவாவில் கேட்கத் தயாராக இருந்த இரண்டு நாடுகள் முன்னால் உட்கார்ந்திருந்தன. அந்த வாய்ப்பை அவர் விடவில்லை என்று நான் நினைக்கிறேன். இது என் ஊகம்தான். அவர் எழுதிய அந்தச் சில வரிகளில் காரணம் இல்லை.

உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள், தலைமை ஹிதாயத்துல்லா. மனுதாரர்களில் நாடாளுமன்ற உறுப்பினர் மது லிமாயேவும் உண்டு. இந்தியா முழுவதும் சுற்றவும் குடியேறவும் குடிமகனுக்கு உள்ள அடிப்படை உரிமை பறிபோகிறது என்பது வாதத்தின் ஒரு கால். உப்பு வெளியில் போய் யார் குடியேறப் போகிறார்கள் என்று கேட்டால் பதில் சொல்லக் கஷ்டம்தான். ஆனால் நீதிமன்றம் அதோடு கதவைச் சாத்தாமல் முக்கியக் கேள்வியை எடுத்துக்கொண்டது.

1969 ஜனவரி 9-இல் தீர்ப்பு. மகன்பாய் ஈஸ்வர்பாய் பட்டேல் வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் நடத்துகிறார்கள். ஒரு நாட்டுக்குச் சந்தேகமில்லாமல் சொந்தமான இடத்தைக் கொடுப்பது வேறு. எங்கே கோடு என்றே தெரியாத எல்லையைத் தீர்த்துக்கொள்வது வேறு. முதலாவதற்கு அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும், இரண்டாவதற்கு வேண்டாம். மத்திய அரசே செய்யலாம். மனுக்கள் தள்ளுபடி.

எல்லைத் தூண்கள் நட்டார்கள். 1971 போரில் நம் படைகள் நகர்பார்க்கர் வரை போய், சிம்லா உடன்படிக்கைக்குப் பின் திரும்பி வந்தன. அந்தக் கோடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. தீர்ப்பாயத்துக்கு விடாமல் இரு தரப்பும் ஒதுக்கிவைத்த சர் கிரீக் ஓடைதான் இன்னும் தீராமல் கிடக்கிறது.

பிற்பாடு சென்னைக்கு வந்துவிட்டேன். இங்கே கச்சத்தீவு பற்றி வக்கீல்கள் பேச உட்கார்ந்தால் ஒரு தரப்பு பெருபாரியை எடுக்கும், மறு தரப்பு மகன்பாயை எடுக்கும். ஜெயலலிதா 2008-இல் தொடுத்த வழக்கிலும் மத்திய அரசின் பதில் மகன்பாய் வழியில்தான் போனது: அது தகராறில் இருந்த இடம், எல்லை வகுக்கப்படாதது, எனவே இந்திய மண் எதையும் கொடுக்கவில்லை. ஜூனியர்கள் என்னிடம் வந்து இரண்டும் ஒன்றுதானே சார் என்பார்கள். வாதத்தில் ஒன்று, வழியில் ஒன்றில்லை என்பேன். ரண்ணுக்கு மூன்று அந்நியர்கள் இரண்டு வருஷம் உட்கார்ந்து கேட்டார்கள்; இந்தியா தோற்ற இடத்தில் ஏன் தோற்றது என்று காரணம் எழுதினார்கள்; தோற்றிருக்கக் கூடாது என்று பெப்லரும் எழுதிவைத்தார். 1974-இல் கச்சத்தீவுக்கு அப்படி யாரும் உட்காரவில்லை. இரண்டு அரசுகள் பேசின, கையெழுத்திட்டன. ராமேஸ்வரத்து மீனவருக்காக வாதாட வருகிற வக்கீல், சிவப்பு பென்சிலால் கோடு போட எந்தப் பக்கத்தைத் திறப்பார்?