எங்கள் வீட்டு ஹாஸ்டல்



பத்தாம் வகுப்பில் என்னை 'வார்டனம்மா' என்று கூப்பிடுவது பாதிப் பள்ளிக்குத் தெரியும். "உங்க வீட்டுல நாய்க்கெல்லாம் ஹாஸ்டலாமே! மெஸ் உண்டா? ஸ்டடி அவர் உண்டா?" என்று கேட்டுச் சிரிக்கிறவர்களும் உண்டு. மெஸ் உண்டு நண்பர்களே, ஸ்டடி அவர் மட்டும் இல்லை. மற்றதை எல்லாம் இந்தக் கட்டுரையில் சொல்கிறேன். கடைசியில் நான் செய்த ஒரு தப்பையும் எழுதியிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் பல்லடம் பக்கம். மெயின் ரோட்டிலிருந்து மண் தடத்தில் உள்ளே வர வேண்டும். அங்கே எங்க அப்பாரு கட்டின கோழிப்பண்ணைக் கொட்டகை ஒன்று இருக்கிறது. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவில் பறவைக் காய்ச்சல் வந்தது. நம் பக்கத்தில் நோய் இல்லை. ஆனாலும் பயத்தில் ஜனங்கள் கறி வாங்கவில்லை. விலை விழுந்தது, அப்பாருக்குக் கடன் ஏறியது. அப்புறம் பல வருஷம் அந்தக் கொட்டகையில் சோளத்தட்டும் ஓட்டை சைக்கிளும்தான் குடியிருந்தன.

அப்பா பல்லடத்தில் ஒரு கால்நடை மருந்துக் கடையில் வேலை பார்த்தார். கடைக்கு வருகிறவர்கள், "ஊருக்குப் போறமுங்க, நாயை எங்க விடறதுன்னே தெரியல" என்று புலம்புவார்களாம். பத்துப் பேர் புலம்பியதும் அப்பாவுக்கு நம் கொட்டகை ஞாபகம் வந்தது. 2018-ல் தடுப்புச் சுவர் வைத்து 14 அறை கட்டினார். கோழிப்பண்ணையைக் கிழக்கு மேற்காக நீளமாகத்தான் கட்டுவார்கள், வெயில் நேராக உள்ளே விழாது. அது நாய்களுக்கும் வசதியாகப் போயிற்று. கூரை சிமெண்ட் சீட் என்பதால் சித்திரை வெயிலுக்கு மேலே தென்னங்கீற்று போட்டிருக்கிறோம்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்ததும் ஊருக்குப் போக ஆளில்லை. அப்புறம் நாய் எங்கிருந்து வரும்? பல மாதம் அறைகள் எல்லாம் காலி. அப்பா திரும்ப மருந்துக் கடைக்கே போனார். அந்தச் சமயத்தில் அம்மா மட்டும் தினமும் காலி அறைகளைக் கூட்டிப் பெருக்கி வைப்பார். "ஏனுங்ம்மா, யாரு வரப்போறா?" என்று கேட்டதற்கு, "வர்றப்ப குப்பையா இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றார்.

இப்போது ஒரு நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன்.

காலை 5 மணிக்கு முதல் குரைப்பு. கடிகாரம் தேவையில்லை. வேலியில் மயில் வந்து உட்கார்ந்தால் 4 மணிக்கே ஆரம்பித்துவிடும். ஒவ்வொன்றாக வெளியே கூட்டிப்போக வேண்டும். முன்பின் தெரியாத இரண்டை ஒன்றாக விட்டால் சண்டை நிச்சயம். அப்புறம் அறையைத் தண்ணீர் அடித்துக் கழுவி, பிளீச்சிங் போட்டு, மறுபடி கழுவி, காயவிட வேண்டும். பார்வோ என்ற வைரஸ் நாயின் மலத்தில் இருந்து பரவி மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். குட்டிகளைக் கொன்றே விடும். அதனால் தடுப்பூசிப் புத்தகம் இல்லாத நாயை அப்பா சேர்ப்பதே இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் காரில் கொண்டுவந்த நாயைக்கூட, "புக்கு எடுத்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்.

சாப்பாடு என்றால் கோழிக் கழுத்தும் சாதமும் கேரட்டும் சேர்த்து வேகவைத்தது. உப்பு, காரம் கிடையாது. வெங்காயம் போடவே கூடாது, அது நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் திராட்சையும்கூட விஷம்தான். பாக்கெட் தீனிதான் சாப்பிடும் என்று வீட்டிலிருந்தே கொடுத்து அனுப்புகிறவர்களும் உண்டு.

வந்த முதல் நாள் பல நாய்கள் சாப்பிடாது. கேட்டையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கும். நாம் ஹாஸ்டலில் சேர்ந்த முதல் நாள் மாதிரிதான்! அதற்கு அம்மா ஒரு வழி வைத்திருக்கிறார். நாயை விடுகிறவர்களிடம் அவர்கள் உடுத்திய, துவைக்காத துணி ஒன்று கேட்டு வாங்குவார். லுங்கி, நைட்டி, பழைய பனியன் எல்லாம் வரும். அதை விரித்துவிட்டால் நாய் மோந்து பார்த்து அதன் மேலேயே சுருண்டு படுத்துக்கொள்ளும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "என்ற சாமியல்ல, ஒரு வாய் தின்னு" என்று கெஞ்சுவார். எனக்கு இப்படிக் கெஞ்சி ஊட்டியதாக ஞாபகமே இல்லை!

என் வேலை நோட்டு எழுதுவது. ஒரு நாய்க்கு ஒரு பக்கம். பெயர், வயது, தடுப்பூசித் தேதி, சாப்பாடு, பழக்கம், பயம் என்று கேட்டுக் கேட்டு எழுத வேண்டும். பள்ளிக்கூடத்தில்தான் எழுது எழுது என்கிறார்கள் என்றால் வீட்டிலுமா என்று சலிப்பாக இருக்கும். 'பயம்' என்ற இடத்தைப் பாதி நாய்களுக்கு நான் காலியாகவே விட்டிருந்தேன்.

அப்பா வைத்திருக்கும் சட்டம் ஒன்றுதான். கொட்டகைக்கு உள்கேட், வெளிகேட் என்று இரண்டு. ஒன்றைச் சாத்திக் கொண்டி போட்ட பிறகுதான் மற்றதைத் திறக்க வேண்டும். தினமும் ராத்திரி, "அம்மிணி, கொண்டி போட்டியா?" என்று கேட்பார். "போட்டனுங்ப்பா" என்பேன். பல நாள் பார்க்காமலே சொல்லியிருக்கிறேன்.

2024 அக்டோபர் 30, தீபாவளிக்கு முந்தின நாள். 14 அறையும் நிரம்பியிருந்தது. அதில் ஒன்று மணி, 11 வயது வெள்ளைப் பொமரேனியன். கண் கொஞ்சம் மங்கல். அதை விட்டுவிட்டுப் போனவர் திருப்பூரில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி, ஓய்வு பெற்ற ஆசிரியை. கண்புரை ஆபரேஷனுக்காகக் கோவையில் மகள் வீட்டில் தங்கியிருந்தார். அந்த அபார்ட்மெண்டில் நாய்க்கு அனுமதி இல்லை.

சாயங்காலம் ஆறரை மணி. கடைசி நாயை விட ஒரு கார் வந்தது. அதற்காக அப்பா வெளிகேட்டைத் திறந்திருந்தார். நான் மணியை நடத்திக் கூட்டிவந்து உள்ளே விட்டேன். அப்போது சித்தப்பா மகன் மத்தாப்புப் பெட்டியை ஆட்டிக் காட்டி, "அக்கா, சீக்கிரம் வா!" என்றான். உள்கேட்டைச் சாத்தினேன். கொண்டி போடவில்லை. அவ்வளவுதான்.

பக்கத்துக் காட்டில் யாரோ ஒரு லட்சுமி வெடி போட்டார்கள். நம் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாய்க்கு 45,000 வரை கேட்கும். நமக்கே திடுக் என்கிற சத்தம் அதற்கு எப்படி இருக்கும்? மணி கேட்டை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடியது. தடத்தில் வெள்ளையாக ஒரு பஞ்சு உருண்டு போன மாதிரி தெரிந்தது. அப்புறம் இருட்டு.

அப்பாவும் சித்தப்பாவும் நானும் டார்ச்சோடு தேடினோம். பி.ஏ.பி. வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. டார்ச்சைத் தண்ணீர் மேல் அடிக்க எனக்குக் கை வரவில்லை. நான் "மணி, மணி" என்று கத்தினேன். "கத்தாத சாமி, பயந்த நாய் சத்தம் கேட்டா இன்னும் தூரம் போயிரும்" என்றார் அப்பா. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

ராத்திரி 11 மணிக்கு வீட்டுக்கு வந்தோம். "நோட்டுல அந்தம்மா நம்பர் எடு. சொல்லிறலாம்" என்றார் அப்பா. மணியின் பக்கத்தைத் திறந்தேன். 'பழக்கம்' என்ற இடத்தில் என் கையெழுத்திலேயே இருந்தது: "காலையில் பால் டம்ளரில் ஸ்பூன் தட்டினால் எங்கிருந்தாலும் வரும்." பாட்டி சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். எழுதின எனக்கே மறந்து போயிருந்தது.

எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும், பாட்டி கொடுத்துவிட்டுப் போன பழைய வாயில் புடவையும் எடுத்துக்கொண்டு தடத்தில் நடந்தோம். வெடிச் சத்தம் ஓய்ந்திருந்தது. பத்தடிக்கு ஒரு தடவை நின்று மெதுவாக 'டிங், டிங்' என்று தட்டினேன். வீட்டிலிருந்து இருநூறு மீட்டர்கூட இருக்காது, தடத்துக்கு அடியில் மழைத் தண்ணீர் போக ஒரு சிமெண்ட் குழாய் இருக்கிறது. அதன் மேல் நாங்கள் மூன்று தடவை நடந்து போயிருந்தோம். அதற்குள்ளிருந்து ஒரு சின்ன முனகல். நான் தரையில் உட்கார்ந்து புடவையை மடியில் விரித்து இன்னொரு தடவை தட்டினேன். சேறும் நடுக்கமுமாக மணி ஊர்ந்து வந்து மடியில் ஏறிக்கொண்டது. நான் அழுதேன். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தப்பு இதோடு முடியவில்லை நண்பர்களே. வீட்டுக்கு வந்ததும் நான் அப்பாவிடம், "கிடைச்சிருச்சில்லீங்ப்பா, அந்தப் பாட்டிகிட்டச் சொல்ல வேண்டாமுங்" என்றேன். அம்மாவும், "கண்ணு ஆபரேசன் பண்ணியிருக்கறவங்க. எதுக்குங்க கலங்க வெச்சுட்டு?" என்றார்.

அப்பா சொன்னார்: "அடுத்த தடவ நம்மகிட்ட விடறதா வேண்டாமான்னு அவங்கதான முடிவு பண்ணோணும்? நடந்தது தெரியாம எப்படிப் பண்ணுவாங்க?"

அதற்கு எங்கள் இரண்டு பேரிடமும் பதில் இல்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் அப்பா போனை எடுத்தபோது, "நானே பேசறனுங்ப்பா" என்று வாங்கினேன்.

"பாட்டி, நேத்து மணி ஓடிப்போயிருச்சுங்க. ராத்திரியே கிடைச்சிருச்சுங்க, அடி ஒண்ணும் இல்லீங்க. நான்தான் கொண்டி போடலீங்க."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போன் கட் ஆகிவிட்டதோ என்று பார்த்தேன். கடைசியில், "மணி சாப்பிட்டானா?" என்று மட்டும் கேட்டார்.

"பால் குடிச்சதுங்க."

"சரி" என்று வைத்துவிட்டார்.

அந்தத் தீபாவளிக்கு நான் புதுத்துணி போட்டேன், பலகாரம் சாப்பிட்டேன். ஒன்றும் ருசிக்கவில்லை. விஷயம் தெரிந்த இன்னொரு வாடிக்கையாளர் தன் நாயை இரண்டு நாள் முன்னாலேயே கூட்டிப்போய்விட்டார். அது அவர் உரிமை. உள்கேட் தானாகச் சாத்திக்கொள்ள அப்பா ஸ்பிரிங் மாட்டினார். ஆனாலும் கொண்டியை நாம்தான் போட வேண்டும்.

மூன்று வாரம் கழித்து அந்தப் பாட்டி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். மணி அவர் காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. மணி ஓடிப்போன நாளிலிருந்து பணம் வேண்டாம் என்று அப்பா சொன்னார். பாட்டி கேட்கவில்லை, எண்ணி மேஜையில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "அந்த நோட்டைக் கொண்டா" என்றார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

மணியின் பக்கத்தை முழுதாகப் படித்தார். 'தடுபூசி' என்று நான் எழுதியிருந்ததில் ஒரு 'ப்' சேர்த்தார்! காலியாக இருந்த 'பயம்' என்ற இடத்தில் பெரிய எழுத்தில் எழுதினார்: "வெடிச் சத்தம். ஓடிவிடுவான். கொண்டியை இரண்டு முறை பார்க்கவும்."

எழுதிவிட்டு, "பொங்கல் முடிஞ்சு கண்ணு காட்டப் போகணும். நாலு நாள் வெச்சுக்குவீங்களா?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். "வெச்சுக்கறமுங்க பாட்டி" என்றேன்.

இப்போது என் நோட்டில் ஒரு இடம்கூடக் காலி இல்லை. ராத்திரி அப்பா கேட்பதற்கு முன்னால் நானே போய்க் கொண்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்.

முடிக்கும் முன் சில வேண்டுகோள்கள். தீபாவளி அன்று உங்கள் வீட்டு நாயைக் கட்டிப்போடாமல் ஓர் அறைக்குள் விட்டு, ஜன்னலைச் சாத்தி, டி.வி.யோ ரேடியோவோ பாட வையுங்கள். நாய் வாலில் வெடி கட்டுவது விளையாட்டு இல்லை. உங்கள் நாய்க்கு வெறிநாய்த் தடுப்பூசி வருடா வருடம் போடுங்கள். எந்த நாய் கடித்தாலும், பிராண்டினாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் தடவாதீர்கள். வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது அரிது. ஆனால் ஊசியை நேரத்தில் போட்டுக்கொண்டால் வராமலே தடுத்துவிடலாம். லூயி பாஸ்டர் 1885-லேயே ஒரு சிறுவனைக் காப்பாற்றிக் காட்டினார். நம் குன்னூரில் 1907-ல் தொடங்கிய பாஸ்டர் நிலையம் இன்றும் இருக்கிறது.

இனி என்னை வார்டனம்மா என்று தாராளமாகக் கூப்பிடுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.



இப்படிக்கு,
உங்கள் வார்டனம்மா,
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு