குப்பனைத் தேடி மொரீஷியஸ்!

"மொரீஷியஸ் போகலாமா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவ்வளவுதான், வீடு இரண்டுபட்டது!

"ஜனவரி, பிப்ரவரியில் தைப்பூசம். அங்கே அரசு விடுமுறை. காவடி பார்க்கலாம்" என்றேன்.

"புயல் சீசனாச்சே! எனக்குப் பீச்சுதான் வேணும்" என்றாள் மனைவி.

அம்மா மட்டும் வாயே திறக்கவில்லை. ராத்திரி மெதுவாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏன்டா, எங்க தாத்தாவோட தம்பி குப்பன் அந்தத் தீவுக்குத்தானே கரும்பு வெட்டப் போனாரு? லெட்டரே வரலை. என்ன ஆனாருன்னு கேட்டுட்டு வர முடியுமா?"

விசாரித்தேன். 1834 முதல் 1920 வரை ஏறக்குறைய ஐந்து லட்சம் ஒப்பந்தக் கூலிகள் அங்கே போய் இறங்கியிருக்கிறார்கள். தலைநகர் போர்ட் லூயியில் அவர்கள் ஏறிய படிக்கட்டுகள் இன்னும் இருக்கின்றன. ஆப்ரவாசி காட் என்ற அந்த இடம் 2006-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. மோகா ஊரில் மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்டில் பழைய பதிவேடுகள் பத்திரமாக உள்ளன. பலருக்குப் போட்டோகூட உண்டாம்!

சிக்கல் ஒன்றுதான். பிரெஞ்சு வாயில் புகுந்து வந்ததில் வீரப்பன் 'வீரப்பென்' ஆகிவிட்டார், குப்பன் 'கூப்பென்'! ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது; ஆனால் வீட்டில் பெரும்பாலும் கிரியோல்தான் பேசுகிறார்கள்.

"வெறும் பேரை வெச்சுத் தேட முடியாதும்மா. அவங்க அப்பா பேரு, ஊரு..."

முந்தானையை அவிழ்த்து ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினாள். பென்சிலில் எல்லாம் எழுதியிருந்தது. எத்தனை வருஷமாக வைத்திருக்கிறாளோ!

மனைவி எட்டிப் பார்த்தாள். "பீச்சுக்கு ஒருநாள் போதுங்க" என்றாள்.

இப்போது முதல் வேலை, எண்பது வயது அம்மாவுக்கு பாஸ்போர்ட்!