பதிப்புரைகளின் காலம்

சி.வை. தாமோதரம் பிள்ளையின் பதிப்புரைகளைத்தான் ஆய்வுக்கு எடுத்திருந்தேன். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவர். வாத்தியாராகத் தொடங்கி, பத்திரிகை நடத்தி, கல்லூரியில் பாடம் சொன்னவர், பிறகு அரசாங்கக் கணக்கு அலுவலகத்துக்குப் போய்விட்டார். சட்டம் படித்து வக்கீலானார்; புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார். வீரசோழியம் 1881, தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885, கலித்தொகை 1887. மூன்றுமே கல்லூரியை விட்டு வெகுகாலம் கழித்துச் செய்த பதிப்புகள். இந்த வரிசையைக் குறிப்பட்டையில் எழுதிக்கொண்ட வயதில், அவர் ஏன் கல்லூரியிலேயே இருந்துவிடவில்லை என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

லஸ் முனையில் 29சி பேருந்து பிடித்தால் பெசன்ட் நகர். உ.வே.சாமிநாதையர் 1942இல் மறைந்தார். மறு ஆண்டே அவர் பெயரில் ருக்மிணி தேவி அருண்டேல் தொடங்கிய நூலகம் அங்கே இருக்கிறது. ஐயர் ஊர் ஊராக அலைந்து சேர்த்த சுவடிகளும் அச்சுப் புத்தகங்களும் அதில். ஓலைக்குப் பூசும் புல்தைலத்தின் வாசனை சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். தாமோதரம் பிள்ளை, சுவடிகள் தம் கண்முன்னே அழிவதைச் சொல்லிப் புலம்பும் பக்கங்களை அங்கே உட்கார்ந்துதான் கையால் படியெடுத்தேன். ஜெராக்ஸ் எடுத்திருக்கலாம். கையால் எழுதியதால் அவருடைய வாக்கியங்களின் நீளம் எனக்கு மூச்சில் பழகிப்போனது. இன்றைக்கும் நான் நீளமாக ஒரு வாக்கியம் எழுதினால் அது அவர் கொடுத்ததுதான்.

எழுதியதைப் படித்துக்காட்ட உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம். கதீட்ரல் சாலையில், மரங்களுக்கு நடுவே, 1962இலிருந்து இருந்த இடம். கார் வைத்திருந்தவர்களுக்குக் காரிலேயே தட்டு வரும். எங்களுக்கு உள்ளே மேஜை. ஒரு காபியை வைத்துக்கொண்டு மதியம் முழுக்க உட்காரலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். தத்துவத் துறையில் ஒருவன், வரலாற்றில் ஒருத்தி, தமிழில் நானும் இன்னொருவனும். சினாப்சிஸ் கொடுக்கும் முன்பு ஒவ்வொரு இயலும் அந்த மேஜையில் அடி வாங்கித்தான் எழுந்திருக்கும். "உன் பிள்ளைவாள் இதைச் சொன்னாரா, நீ சொல்ல வைக்கிறாயா?" என்று அவள் கேட்பாள். பதில் சொல்ல முடியாமல் மறுபடியும் 29சி ஏறுவேன். எந்தக் கருத்தரங்கிலும் அப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

ஃபெல்லோஷிப் முடிந்ததும் கௌரவ விரிவுரையாளர் வேலை. பெயரில் கௌரவம் இருந்தது. அரசுக் கல்லூரியில் அந்த வேலைக்கு ஆண்டில் பதினொரு மாதம்தான் சம்பளம். வீட்டில் அப்பா ஓய்வு பெற்றிருந்தார், தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறென்ன சொல்ல இருக்கிறது. தத்துவக்காரன் வங்கித் தேர்வு எழுதினான். தமிழ் நண்பன் பனகல் பார்க் பக்கம் ஒரு பட்டுக் கடையின் விளம்பரப் பிரிவில் சேர்ந்து ஆடித் தள்ளுபடிக்கு வாசகம் எழுதினான். நான் ராதாகிருஷ்ணன் சாலைக்குப் பக்கத்தில், வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குப் பக்கம் கட்டும் நிறுவனமொன்றில் காப்பி எடிட்டர் ஆனேன்.

ஆம்ஸ்டர்டாமிலும் ஹைடல்பர்கிலும் வெளியாகும் ஆய்விதழ்களில் பல சென்னையில்தான் உருவாகின்றன. மொழி திருத்துவது, அடிக்குறிப்பை ஒழுங்கு செய்வது, ஆசிரியரிடம் ஐயம் கேட்டு எழுதுவது, புரூஃப் அனுப்புவது எல்லாம் இங்கே. அதில் எம்.ஏ., எம்.ஃபில். படித்த எத்தனையோ பேர். நேர்முகத் தேர்வில் ஒரு கட்டுரையைக் கொடுத்தார்கள். உள்ளே மேற்கோள் காட்டிய ஆண்டும் கடைசிப் பட்டியலில் இருந்த ஆண்டும் வேறாக இருந்தன. பார்த்தவுடன் கண் அங்கே நின்றது. பாடபேதம் பார்த்துப் பழகிய கண். அந்த வேலையை நான் தாழ்வாக நினைத்ததே இல்லை. ஒரு நூலை ஒழுங்காக வெளியே அனுப்புவது எந்தக் காலத்திலும் பெரிய காரியம்தான். ஆனால் அங்கே ஒரு நாளைக்கு இத்தனை பக்கம் என்று கணக்கு உண்டு. கட்டுரை சொல்வது சரியா என்று நின்று கேட்க இடமில்லை. டிரைவ்-இன் மேஜையில் அந்தக் கேள்வி ஒன்றுதான் இருந்தது.

2008இல் டிரைவ்-இன் மூடப்பட்டது. 2010இல் அந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா வந்தது.  லஸ் நடைபாதைக் கடைக்காரர் ஆழ்வாரின் பழைய புத்தகக் குவியலில் அட்டை போன சைவப் பதிப்புகளைப் புரட்டிக்கொண்டு நின்ற மாலைகளும் அதோடு போயின.

எதிர்த்திசையில் நடந்தவரும் இந்த ஊரில் இருந்தார். விளம்பரத் துறையிலிருந்து வந்து 1974இல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன். தற்காலத் தமிழ் அகராதியை 1992இல் கொண்டுவந்தார். மூன்றாம் பதிப்பை 2020 நவம்பரில், நோயோடு மருத்துவமனையில் இருந்தபடி வெளியிட்டார், சில நாளில் போய்விட்டார். பல்கலைக்கழகத்துக்கு வெளியே, ஒரு நிறுவனத்தைக் கட்டிக் காப்பாற்றிக்கொண்டே, ஒரு மனிதரால் இதைச் செய்ய முடிந்தது. அந்தச் செய்தி வந்த இரவில் தூக்கம் வரவில்லை. பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கினேன்.

ஆய்வேடு சிடியில் இருந்தது. தட்டியது பழைய தமிழ் எழுத்துருவில். அரசு யூனிகோடுக்கு மாறியதே 2010இல்தான். திறந்தால் திரை முழுக்க ஆங்கிலக் குறிகள். என் தொழில் எனக்கு அங்கே உதவியது: எழுத்தை மாற்றுவதும் உடைந்த அடிக்குறிப்பைத் தைப்பதும் தெரியும். இரண்டு இயல்கள் மீண்டுவிட்டன. மூன்றாவதைப் பட்டுக் கடை நண்பன் மெய்ப்புப் பார்க்கிறான். கலித்தொகைப் பதிப்புரையில் ஓர் இடத்தை நான் அவசரப்பட்டு விளக்கியிருப்பதாகச் சண்டை போடுகிறான். அந்தப் பக்கத்தை மறுபடி மூலத்தோடு ஒப்பிட வேண்டும். சனிக்கிழமை இரண்டு பேருமாகப் பெசன்ட் நகர் போகிறோம். டிரைவ்-இன் மேஜையில் கேள்வி கேட்டவளுக்கும் சொல்லியிருக்கிறோம்.