எமது துப்பாக்கிப் பித்து

மாந்தர்க்குப் பித்துப் பலவகை. ஒருவர் தபால் தலைகளைத் திரட்டுகின்றார். ஒருவர் பழங்காசு தேடி ஊரூராய் அலைகின்றார். ஒருவர் ஏட்டுச்சுவடியைக் கண்டவிடத்து ஊணுறக்கம் மறக்கின்றார். இவர்களையெல்லாம் உலகம் அறிஞரென்று பாராட்டுகின்றது. யாமோ பழைய வேட்டைத் துப்பாக்கிகளின்மீது ஆசை வைத்தோம். ஆதலின் உறவினர் அஞ்சினர், அயலார் ஐயுற்றனர், இல்லாள் தலையில் அடித்துக்கொண்டாள். இத்தனைக்கும் யாம் எம் வாழ்நாளில் ஒரு காடையையேனும் சுட்டறியோம். சுடாதவனுக்குத் துப்பாக்கி எதற்கு என்னும் வினாவிற்கு விடைகூறவே இக்கட்டுரையைத் தொடங்கினோம். எழுதப் புகுந்தபின், அதனினும் கடியதொரு வினா எம்முன் வந்து நின்றது.

எமது ஊர் கெங்கவல்லி. தெற்கே பச்சைமலையும், வடக்கே சற்றுத் தொலைவிற் கல்வராயன் மலையும் சூழ, சுவேத நதி பாயும் நிலம் இது. மலையடிவாரத்து உழவர்க்குக் காட்டுப்பன்றி தீராப் பகை. ஓரிரவில் ஒரு காணி மரவள்ளியைக் கிளறிவிட்டுப் போகும். அதனால் முற்காலத்தில் ஏரும் மண்வெட்டியும் போலத் துப்பாக்கியும் சில வீடுகளில் ஒரு கருவியாக இருந்துவந்தது. எம் பாட்டனார் வீட்டில் ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. ஆயுத பூசையன்று கலப்பைக்கும் மரக்காலுக்கும் நடுவே அதனையும் கிடத்திச் சந்தனமும் குங்குமமும் இடுவார்கள். அன்று ஒருநாள் மட்டுமே சிறுவராகிய யாம் அதனைத் தொடலாம். எண்ணெயும் இரும்பும் கலந்த அந்த மணமே எமது பித்திற்கு வித்து என்க.

பாட்டனார்க்குப் பின் முறைப்படி உரிமம் பெற்று அதனை எம் கைக்கொண்டபோதுதான் அஃதோர் ஏடு என்பதும், அதனை வாசிக்கலாம் என்பதும் விளங்கின. குழலின் அடிப்புறத்தே சிறு முத்திரைகள் சில இருந்தன. அவை பர்மிங்காம் நகரில் 1813-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சோதனைச்சாலையின் குறிகள். மிகுமருந்திட்டு வெடித்துப் பார்த்தும் பிளவாத குழலுக்கே அக்குறிகள் இடப்பெறும். குழலின் மேனியிலோ நீரலை போன்ற வரிகள் ஓடின. இரும்பும் எஃகுமாகிய நாடாக்களை முறுக்கிச் சுற்றிக் காய்ச்சி இணைத்தமையால் உண்டாகும் வரிகள் அவை. டமாஸ்கஸ் வாள்களின் மேனியை ஒத்திருத்தலின் இத்தகைய குழலுக்கும் டமாஸ்கஸ் என்றே பெயர் வழங்கிற்று. அவ்வாள்களுக்குப் புகழ் தந்த உருக்கோ தென்னாட்டினின்றும் கடல்கடந்து சென்றது. அவ்வகை உருக்கினை நம் சேலம் நாட்டுக் கொல்லரும் மண்மூசையில் வைத்துக் காய்ச்சினர். எங்கோ செய்யப்பட்ட துப்பாக்கி ஒன்று தன் பெயருக்குள் எம் நாட்டை ஒளித்து வைத்திருந்ததனைக் கண்ட அன்று யாம் உறங்கவில்லை.

அதன் கட்டை ஓரிடத்தில் வெடித்திருந்தது. அண்மையிலுள்ள தம்மம்பட்டியில் மரச்சிற்பம் செய்வார் பலர் உளர் என்பது யாவரும் அறிந்ததே. அவருள் ஒருவர், தெய்வ உருவம் செதுக்கும் அதே சிற்றுளியால் அவ்வெடிப்பில் ஒரு மரத்துண்டினை வைத்துப் பொருத்திக் கொடுத்தார். இணைப்பு எங்கே என்று இன்றும் எம்மாற் காட்ட இயலாது.

இவ்வாறு ஒன்றைக் கற்றபின் மற்றொன்றைத் தேடாதிருத்தல் எங்ஙனம் கூடும்? வெறுங்குழல் துப்பாக்கிக்கும் ரைபிளுக்கும் உள்ள வேற்றுமை, பின்னதன் குழலுள் ஓடும் திருகுவரிகளே. அவ்வரிகள் குண்டினைப் பம்பரம்போற் சுழற்றி நேர்வழி செலுத்துகின்றன. விளக்கிற்கு எதிரே குழலைப் பிடித்து அவ்வரிகளைக் காண்பது ஓர் இன்பம். அவ்வின்பத்திற்காக ஆங்கில நாட்டு வேட்டை ரைபிள் ஒன்றினை வாங்கினோம். அது மார்ட்டினி அமைப்பினது. அடியிலுள்ள நெம்புகோலைத் தாழ்த்தினால் வாய் திறக்கும், உயர்த்தினால் மூடும். ஆங்கிலப் படையினர் 1871-ஆம் ஆண்டில் மேற்கொண்ட துப்பாக்கியின் அமைப்பும் அதுவே. நூறாண்டு கடந்தும் அதன் ஓசை புதுப்பூட்டின் ஓசையாகவே இருந்தது.

இனி எம் குற்றத்தைக் கூறுவோம்.

பச்சைமலை அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் முதியவர் ஒருவர், தம் தந்தையாரின் நாட்டுத் துப்பாக்கியை உரிமத்தோடு வைத்திருந்தார். வாய்வழியே கருமருந்திட்டுக் கெட்டித்து, கேப்பு வைத்துக் குதிரையால் அடித்து வெடிக்கும் வகை அது. இவ்வகையின் மூலத்தைக் கண்டவர் ஸ்காட்லாந்து நாட்டுக் குருவானவராகிய அலெக்சாண்டர் பார்சித். சக்கிமுக்கிப் பொறியின் ஒளியைக் கண்டு பறவைகள் முன்னரே பறந்துவிடுதலைப் பொறாமல், அடித்த மாத்திரத்தில் வெடிக்கும் மருந்தினைப் பயன்படுத்தி 1807-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார் அவர். எம்மிடம் இவ்வகை இல்லை. வரிசையில் ஒரு வெற்றிடம் கண்டால் திரட்டுவோன் உள்ளம் பல் விழுந்த இடத்தை நாவு துழாவுவதுபோல் துழாவிக்கொண்டே இருக்கும்.

முதன்முறை விலை கேட்டபோது முதியவர் நகைத்தார். மறுமுறை கேட்டபோது, “தம்பி, அது எங்கள் அப்பன் கை, கையை விற்பார் உண்டா?” என்றார். மூன்றாம் முறை கேட்க யாம் காத்திருந்தோம். எதற்காக என்பதைச் சொல்ல நாணுகின்றோம். உழவர் மழைக்குக் காத்திருப்பர். யாம் மழை பொய்த்தற்குக் காத்திருந்தோம். ஈராண்டு வானம் பொய்த்தது. அவர் பேத்தியின் மணமும் நெருங்கியது. அப்போது சென்று கேட்டோம். அவர் மறுக்கவில்லை. அதிகாரிகளுக்கு முறைப்படி அறிவித்து, கேட்ட விலைக்குமேல் கொடுத்து வாங்கினோம். அதனையே எமக்குச் சமாதானமாகச் சொல்லிக்கொண்டோம். கொடுக்கும்போது அவர் சொன்னது ஒன்றே: “மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை எண்ணெய் காட்டுங்கள், தம்பி.”

1983-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஒருவர்க்கு மூன்று துப்பாக்கி என்றிருந்த வரம்பு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இரண்டாயிற்று. முன்னோர் வழி வந்ததற்கும் விலக்கில்லை. மிகுந்ததனை ஓராண்டிற்குள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்தல் வேண்டும். எம் மூன்றனுள் ஒன்று போகவேண்டும். எதனை விடுப்பது? முதியவர் பொருளை அவர்க்கே திருப்பிக் கொடுப்போம் என்று அடிவாரம் சென்றோம். அவர் காலமாகி ஈராண்டு கழிந்திருந்தது. மகனோ உரிமம் இல்லாதவர். திருப்பூருக்கு வேலைக்குச் சென்று ஆண்டுகள் பல. உரிமம் அற்றவர் கையிற் கொடுத்தல் குற்றம். வாங்குதற்கு வழி இருந்தது; திருப்பிக் கொடுத்தற்கு வழி இல்லை.

திரும்பும் வழியில் தஞ்சை அரண்மனைப் படைக்கலச்சாலை எம் நினைவிற்கு வந்தது. 1860-களில் அது கலைக்கப்பட்டபோது, தேர்ந்தெடுத்த சில சென்னை அருங்காட்சியகம் சேர்ந்தன. எஞ்சியவற்றுட் பெரும்பகுதி பழைய இரும்பாக நிறுத்து விற்கப்பட்டது. மாணவப் பருவத்தில் எழும்பூரில் அப்படைக்கலங்களைக் கண்டு, பிழைத்தவற்றின் அழகில் மயங்கினோமேயன்றி, அவற்றை ஏந்திய கைகள் யாருடையவை என்று கேட்டோமில்லை. திரட்டுவோன் வரலாற்றைக் காக்கின்றேன் என்பான். ஆயினும் ஒரு பொருளை அதன் வரலாற்றினின்றும் பிரித்தெடுப்பவன் பல வேளைகளில் அவனே.

ஆகவே, யாம் மிகவும் விரும்பிய மார்ட்டினி ரைபிளை வணிகரிடம் ஒப்படைத்தோம். அவர் எண்ணைக் குறித்துக்கொண்டு சீட்டினை நீட்டினார். ஒருமுறை நெம்புகோலைத் தாழ்த்தி உயர்த்தி, அவ்வோசையைக் கேட்டுத் திரும்பினோம். பாட்டனார் துப்பாக்கி எமக்கு உடைமை. முதியவர் துப்பாக்கி எமக்குக் கடன்.

இளம் நண்பர்களே, சேர்க்கும் ஆசை தீதன்று. அது கல்விக்கு ஒரு வாயில். ஆயினும் நீவிர் விரும்பும் பொருளை ஒருவர் கொடுக்கும்போது, அவர் மனமுவந்து கொடுக்கின்றாரா, வழியின்றிக் கொடுக்கின்றாரா என்று நோக்குமின். யாம் இன்றும் மழைக்காலத்தில் வாரந்தோறும் அதற்கு எண்ணெய் காட்டி வருகின்றோம்.